விழுந்தவன் ஜெயித்தான் என்று சொன்னேன்

இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் கதை சொல்லும் வேலை, அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குச் சாட்சி சொல்லப் போவது மாதிரி. யார் பக்கம் பேசினாலும் கடைசியில் அடி சாட்சிக்காரனுக்குத்தான்.

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டு ஹட்டன் டவுனில் ஒரு தகரக் கூரைத் தியேட்டரில் அந்த வேலையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் ஒரு காட்சி, பகலில் ஒரு காட்சி இங்கிலீஷ் படம். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் பஸ் ஏறி வருவார்கள். திரைக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல், ஒரு மைக், நான். திரையில் ஒருவன் பத்து நிமிடம் பேசுவான். நான் அதை, "அவன் வர மாட்டேங்குறான்" என்று மூன்று சொல்லில் முடிப்பேன். கலரி என்ற மலிவு டிக்கெட் பெஞ்சில் இருப்பவர்கள், "இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னானா?" என்று என்னைத் திட்டுவார்கள். தரகர்களே, கோர்ட்டில் மொழிபெயர்ப்பவர்களே, தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் மாட்டிய புருஷர்களே, உங்களுக்கு இந்தப் பாடு நான் விளக்காமலே புரியும்.

பல படங்களுக்குக் கதை சொன்னேன். பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒரு பொக்சிங், அதாவது குத்துச்சண்டைப் படம் மட்டும் மறக்கவில்லை. அதன் பேர் நினைவில் இல்லை, அது செய்த வேலை நினைவில் இருக்கிறது.

நேர்முகப் பரீட்சை

எனக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு அதிர்ஷ்டம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் ஒரு நாள் எதிர்த்துப் பேசினேன். அதோடு தோட்டத்தில் எனக்கு வேலை இல்லாமல் போனது. டவுனில் அலைந்துகொண்டிருந்தபோது தியேட்டர் வாசலில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது.

மேனேஜர் சவரிமுத்து நல்ல மனிதர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் எப்போதும் வெற்றிலைச் சுருள். ஒரு இங்கிலீஷ் நோட்டீசைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அர்த்தம் கேட்டார். பாதி சொன்னேன். மீதிப் பாதிக்கு, "அவ்வளவு தெரியாதுங்க" என்று ஒப்புக்கொண்டேன். வெளியே போகச் சொல்வார் என்று நினைத்து எழுந்தேன். அவர் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"உக்காருப்பா. முழுசாத் தெரிஞ்சவனை வச்சா அவன் படம் பாக்க ஆரம்பிச்சிருவான், கதை சொல்ல மாட்டான்."

சுவரொட்டி

அந்தப் படம் வந்ததற்குக் காரணம் அதன் சுவரொட்டி. கட்டுமஸ்தான ஒருவன் கையில் பொக்சிங் கிளவுஸ் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சவரிமுத்து அதைப் பார்த்ததும் ஸ்டண்டுப் படம் என்று முடிவு கட்டிவிட்டார். வேனில் ஒலிபெருக்கி கட்டி நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை வரைக்கும் "அடி, உதை, குத்து!" என்று கத்திக்கொண்டு போனார்கள். ஞாயிறு காலையில் கலரி நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள்.

படம் தொடங்கி இருபது நிமிடத்தில் இது ஸ்டண்டுப் படம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு துறைமுக ஊர். இரண்டு கூட்டாளிகள். ஒருவன் நிலக்கரி மூட்டை தூக்குகிறான், இன்னொருவன் சலவைக் கடையில் வேலை செய்கிறான். சனிக்கிழமைதோறும் ஒரு மண்டபத்தில் பொக்சிங் போடப் போவார்கள். போய்த் தோற்பார்கள். தோற்றுவிட்டு வந்து ரொட்டி தின்பார்கள். அடுத்த வாரமும் போய்த் தோற்பார்கள். சுவரொட்டியில் பல்லைக் கடித்தவன் நிலக்கரிக்காரன். அவன் பல்லைக் கடித்தது கோபத்தில் இல்லை, வலியில். கடைசிக் காட்சியில் இருவரும் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில்கூட வரவில்லை. தியேட்டரில் விளக்கு போட்டுவிட்டார்கள்.

நான் முதல் காட்சியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "இவரு தோத்துட்டாருங்க. இப்பவும் தோத்துட்டாருங்க. இவரு கூட்டாளியும் தோத்துட்டாருங்க." படம் முடிந்து சனங்கள் வெளியே வந்தார்கள். வாசலில் கம்பளி போர்த்திய ஒரு பெரியவர் என் முன்னால் நின்றார். திட்டவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்:

"ஏந்தம்பி, ஏச்சு வாங்குறதையும் அடி வாங்குறதையும் பாக்கிறதுக்கு பஸ் ஏறி டவுனுக்கா வரணும்? காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துலயே நின்னு பாத்திருக்கலாமே?"

தோற்றவனை ஜெயிக்க வைத்தது

பகல் காட்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சவரிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "படத்தை மாத்த முடியாது. அடுத்த பெட்டி வர மூணு வாரமாகும். உன் வாயை மாத்த முடியுமா?" என்றார். முடியும் என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று பகல் அந்த நிலக்கரிக்காரன் ஜெயிக்கத் தொடங்கினான். அவன் கீழே விழுந்ததும், "பாருங்க, எதிராளியை ஏமாத்துறதுக்காக விழுந்து கிடக்கிறாரு!" என்றேன். விசில் பறந்தது. நடுவர் வந்து எதிராளியின் கையை உயரத் தூக்கினார். உடனே சொன்னேன்: "எதிராளி தோல்வியை ஒத்துக்கிட்டுக் கையைத் தூக்கிச் சரணடையிறான்!" கலரி எழுந்து நின்றது. வாடகை கேட்டு வீட்டுக்காரி அவனை விரட்டும் காட்சியில், "பெரிய போட்டிக்குப் போற தம்பியை அக்கா வழியனுப்பி வைக்குது" என்றேன். அடி வாங்கியவனைப் பரிசோதிக்க டாக்டர் ஒரு கைக்கடிகாரத்தை அவன் காதருகே பிடிப்பார். அதை ஜெயித்ததற்குக் கொடுத்த பரிசாக்கினேன். அவன் சுவரில் சாய்ந்து அழுததை ஆனந்தக் கண்ணீராக்கினேன். ஒரு வெட்கமும் இல்லாமல் சொல்கிறேன், நன்றாகவே சொன்னேன்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டினேன். இவ்வளவு ஜெயித்தவன் அடுத்த காட்சியில் மறுபடியும் நிலக்கரி மூட்டை தூக்கிக்கொண்டு போகிறான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சத்தமாகவே கேட்டார், "ஜெயிச்ச மனுசன் என்னாத்துக்கு மூட்டை தூக்குறான்?" நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவின் புருஷன் ஆண்கள் பக்கத்திலிருந்து பதில் கொடுத்துவிட்டார்:

"போன மாசம் ஸ்ட்ரைக்குல நம்ம ஜெயிச்சிட்டோம்னு சங்கத்துல சொன்னாங்கல்ல, நேத்து நீ கூடை தூக்கலியா?"

பியதாசவின் யோசனை

படம் ஓட்டும் ஆபரேட்டர் பியதாச கினிகத்தேனைக்காரன். பாதிச் சிங்களம், பாதித் தமிழில் பேசுவான். எங்கள் இருவருக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் சண்டை வந்ததில்லை, ஒருவேளை அதனால்தான். இரண்டாவது ஞாயிறு காலைக் காட்சிக்கு முன்னால் அவன் மேலேயிருந்து இறங்கி வந்தான். முகம் வாடியிருந்தது. அந்தப் படத்தைப் படமாக மட்டுமே பார்த்தவன் அவன். நான் சொல்லும் பொய் அவனுக்குக் கேட்காது, மெஷின் சத்தத்தில் படம் மட்டும்தான் தெரியும். ரீல் பெட்டியைக் காட்டி ரகசியமாகக் கேட்டான்:

"மாத்தயா, கடைசி ரீல் ரெண்டும் நான் போடாம விட்டா, அந்த மனுசன் தோக்கிறது இல்ல தானே?"

ரோலர் ராமையா

அதே ஞாயிறு பகலில் ஒரு ஆள் என்னைத் தேடி ஸ்டூல் வரைக்கும் வந்தான். முப்பது வயதிருக்கும். தோள் இரண்டும் கதவு மாதிரி. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பேர் ராமையா. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷினில் வேலை. கூடவே அவன் பெண்டாட்டி பாக்கியம் வந்திருந்தாள், கொழுந்தெடுக்கிறவள். இந்தப் படத்தை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறார்களாம்.

அவர்கள் தோட்டத்துப் பெரிய தொரை, வெள்ளைக்காரர், சீமையில் படிக்கும்போது பொக்சிங் போட்டவராம். இங்கே வந்து அந்த ஆசை விடவில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, கயிறு கட்டி, தோட்டத்து ஆட்களில் பலசாலிகளைப் பொறுக்கி கிளவுஸ் மாட்டிவிட்டார். ராமையா அதில் முதல் ஆள். நாலு வருஷமாகத் தொரை கூட்டிக்கொண்டு போகும் இடமெல்லாம் போய்ப் போட்டிருக்கிறான். தலவாக்கலையில் ஒரு மெக்கானிக்கிடம் தோற்றான். நாவலப்பிட்டியில் ஒரு ரயில்வேக்காரனிடம் தோற்றான். ஒரு தடவை ஜெயித்தானாம், எதிராளிக்குக் காய்ச்சலாக இருந்த அன்று.

"வேணாம்னு தொரைகிட்டச் சொல்லிற வேண்டியதுதானே?" என்றேன். அவன் வலது காதை என் பக்கம் திருப்பி, மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னேன்.

"தொழிற்சாலை வேலை தொரை போட்டுக் குடுத்தது அண்ணே. பொக்சிங் வேணாம்னா மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போகணும். மழை காலத்துல மலையில வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை குடுப்பாங்க."

பாக்கியம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமை நுவரெலியாவுல இவருக்குப் போட்டி. படத்துல விழுந்து ஏமாத்துறாருல்ல, அந்த மாதிரி விழப் போறேன்னு வீட்டுல பாயைப் போட்டு விழுந்து பழகுறாரு. நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் அண்ணே இவ்வளவும்."

துவாய் பிடித்த நாள்

பொய் சொல்லிப் பிழைக்கிறவனுக்கும் ஒரு மனசாட்சி உண்டு, ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில். சவரிமுத்துவிடம் லீவு கேட்டு நுவரெலியாவுக்குப் போனேன். சீசன் நேரம். மைதானத்தில் பூக்கண்காட்சி, குதிரை சவாரி, ஐஸ்கிரீம், நடுவில் கயிறு கட்டிய மேடை. தொரைமாரும் துரைசானிமாரும் நாற்காலியில். சுற்றி நின்றது நம் ஆட்கள். ராமையாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவன் என்னைக் கண்டதும் தொரையிடம், "இவரு பொக்சிங் தெரிஞ்சவருங்க" என்று சொல்லிவிட்டான். தொரை சந்தோஷமாக என் கையில் முகம் துடைக்க ஒரு துவாயையும் ஒரு தண்ணீர் வாளியையும் கொடுத்து மூலையில் நிறுத்தினார். என் வாழ்நாளில் நான் நேரில் பார்த்த முதல் பொக்சிங் அது. அதற்கு நானே பயிற்சியாளர்.

எதிராளி கொழும்பிலிருந்து வந்த ஒரு லொறி டிரைவர். மணி அடித்தது. ராமையா ஒரு குத்து வாங்கினான், பொத்தென்று விழுந்தான். உண்மையாகவே படத்தில் விழுந்த மாதிரியேதான். நடுவர் எட்டு எண்ணியதும் எழுந்தான். திரும்ப ஒரு குத்து, திரும்ப விழுந்தான். மணி அடித்து மூலைக்கு வந்தபோது உதட்டில் ரத்தம். நான் அவன் வலது காதில் வாயை வைத்தேன்.

"ராமையா, அந்தப் படத்துல அந்த ஆளு ஏமாத்தலைப்பா. நெசமாவே விழுந்தான். ஒரு போட்டியிலயும் ஜெயிக்கல. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவன் தண்ணீரைக் கொப்பளித்து வாளியில் துப்பினான்.

"தெரியும் அண்ணே. எனக்குக் கண்ணு இருக்குல்ல? அவன் விழுற விழுகையைப் பாத்தாலே தெரியாதா? நாலு வருசமா நான் விழலையா?"

"பிறகு ஏன்ப்பா விழுற?"

"இந்தத் தடவை ரொம்பக் கேவலமா விழுந்தா, இவன் லாயக்கில்லைன்னு தொரையே விட்டுருவாருன்னு பாக்கிறேன். நானா விட்டாத்தானே வேலை போகும்?"

இரண்டாவது சுற்றில் அவன் விழுந்தான். சுற்றி நின்ற நம் ஆட்கள் சும்மா இருந்திருக்கலாம். "எந்திரிடா ராமையா! எந்திரி!" என்று கத்தினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே கத்தினாள். அவன் கிடக்கத்தான் பார்த்தான். அவன் கை கால் கேட்கவில்லை, எழுந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் மூன்று தடவை விழுந்து மூன்று தடவையும் எழுந்தான். கடைசியில் நடுவரே நிறுத்தி டிரைவரின் கையைத் தூக்கினார். அது சரணடைதல் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

தொரை ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. ராமையாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, தோட்டத்துத் தமிழில், "ராமையா, நீ சிங்கம்! எத்தனை தரம் விழுந்தது, எத்தனை தரம் எழும்பினது! அடுத்த மாசம் நாம கொழும்பு போறது!" என்றார். என் பக்கம் திரும்பி, நான் எங்கே பொக்சிங் படித்தேன் என்று கேட்டார். தியேட்டரில், ஒரு பொக்சிங் படத்தில் என்றேன். அப்படி ஒரு படம் ஹட்டனில் ஓடுகிறதா, நாளைக்கே என் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். அவர் போனதும் ராமையா துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு அதற்குள்ளிருந்தே சொன்னான்:

"பாத்தீங்களா அண்ணே? விழுந்தா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். விழுந்ததுக்குப் புரமோசன் குடுக்கிறாங்க."

தொரை படம் பார்த்தார்

மறுநாள் ஞாயிறு பகல் காட்சிக்குத் தோட்டத்து லொறி வந்து நின்றது. பொக்சிங் ஆட்கள் பத்துப் பேர், அவர்கள் வீட்டுப் பெண்கள், முன்னால் தொரையின் கார். தொரைக்குப் பின் வரிசையில் மெத்தை நாற்காலி போட்டார்கள். சவரிமுத்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தொரைக்கு இங்கிலீஷ் தெரியும்ப்பா. தமிழும் தெரியும். பாத்துச் சொல்லு" என்றார். எப்படிப் பார்த்துச் சொல்வது என்று அவர் சொல்லவில்லை. பொய் சொன்னால் தொரை பிடித்துவிடுவார். உண்மை சொன்னால் கலரி பிடித்துவிடும். அங்கே பாதிப் பேர் நிலக்கரிக்காரன் ஜெயிப்பதை இன்னொரு தடவை பார்க்க வந்தவர்கள்.

முதல் சண்டை வந்தது. நிலக்கரிக்காரன் விழுந்தான். நடுவர் எதிராளியின் கையைத் தூக்கினார். மைக்கின் முன்னால் வாயைத் திறந்தேன். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் பாக்கியம் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு தோத்துட்டாருங்க" என்றேன்.

"டேய், போன வாரம் ஜெயிச்சான்ல?" என்று கலரி கேட்டது.

"போன வாரம் நான் பொய் சொன்னேனுங்க."

ஒரு ஆரஞ்சுத் தோல் வந்து ஸ்டூலில் விழுந்தது. இன்னொன்று என் மேல். நான் நிறுத்தவில்லை. வீட்டுக்காரியை வீட்டுக்காரியாகவே சொன்னேன். அழுகையை அழுகையாகவே சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வருவது நின்றது. யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

டாக்டர் காட்சி வந்தது. "இது பரிசு இல்லீங்க. இவருக்குக் காது கேக்குதான்னு டாக்டர் பாக்கிறாரு. கடிகாரச் சத்தம் கேக்குதுன்னு இவரு சொல்றாரு. ஆனா டாக்டர் அந்தக் கடிகாரத்தை முன்னாடியே நிப்பாட்டி வச்சிருந்தாரு. இவருக்குக் காது போயிருச்சு. போட்டிக்கு விடாம போயிருவாங்கன்னு மறைக்கிறாரு."

பாக்கியம் எழுந்து நின்றாள். திரை வெளிச்சம் அவள் முதுகில். பின் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தமாகச் சொன்னாள். "தொரை! எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தானுங்க தொரை! இடது காது செத்துப்போச்சு! கேளுங்க அவரை!"

பியதாசவுக்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் திரையைப் பார்க்கவில்லை.

படம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். பகல் வெளிச்சம், தூறல். தொரை காருக்குப் போகவில்லை. ராமையாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினார். ராமையாவின் இடது பக்கம், அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மூடிய கையைக் காதருகே கொண்டுபோனார். பிறகு முன்னால் குனிந்து, "கேக்குதா?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டார்.

"கேக்குதுங்க தொரை. நல்லாக் கேக்குது."

தொரை மூடிய கையை அவன் முன்னால் கொண்டுவந்து விரித்தார். ஒன்றுமில்லை. கடிகாரம் அவருடைய மற்றக் கையில் இருந்தது.

அவர் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். ராமையா தலை குனிந்து நின்றான். பாக்கியம் அவன் தோளில் கம்பளியைப் போட்டுவிட்டு, என்னிடம் சொன்னாள்:

"நாலு வருசமா என்கிட்டயும் இதே பொய்தான் அண்ணே. கேக்குது கேக்குதுன்னுக்கிட்டு எப்பவும் என்னை வலது பக்கத்துல நடக்க வைப்பாரு."

கயிறு

அடுத்த வாரம் தொரை ராமையாவைத் தன் காரிலேயே கண்டிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். இடது காது இனிக் கேட்காது, வலது காதையாவது காப்பாற்றுங்கள் என்றார்களாம். தொழிற்சாலைக்குப் பின்னால் நட்ட நாலு கம்பையும் பிடுங்கிவிட்டார்கள். கிளவுஸ்களைத் தொரை பங்களாவுக்குக் கொண்டுபோனார். நாலு வருஷமாக அவன் காதைப் பற்றி ஏன் விசாரிக்கவில்லை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ராமையாவின் வேலைக்குக் கை வைக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அதுவே பெரிய செய்தி.

தொரைக்கு ஆசை மட்டும் அடங்கவில்லை. மாதம் ஒன்று போகுமுன் கொழும்பிலிருந்து தடித்த கயிறு ஒன்றை வரவழைத்து, கயிறு இழுக்கும் கோஷ்டி ஆரம்பித்தார். முதல் ஆளாக ராமையாவைக் கூப்பிட்டார். டவுனுக்கு வந்த ராமையாவிடம், போனாயா என்று கேட்டேன். போனானாம். சேற்றில் இழுபட்டு, முழங்கால் சிராய்த்து, அதிலும் தோற்றானாம். வருத்தமா என்றேன். அவன் சிரித்தான். நான் அவன் சிரித்துப் பார்த்தது அன்றுதான்; முன் பல் ஒன்று இல்லை.

"இதுல எட்டுப் பேரு சேந்து தோக்குறோம் அண்ணே. வீட்டுக்குப் போறப்ப வழித்துணைக்கு ஆள் இருக்கு."

நான் பொய்யை ஒப்புக்கொண்ட அந்த ஞாயிறுக்குப் பிறகு சவரிமுத்துவுக்கு என் மேல் இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் அடுத்த படத்தின் பெட்டி வந்தது. குதிரை, கோட்டை, ராணி. சுவரொட்டியை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"இதுல உண்மை எவ்வளவு இருக்குன்னு மொதல்ல நீ தனியா உக்காந்து பாத்துக்க, எனக்குச் சொல்லாத."

இங்கிலீஷிலேயே பிறந்து இங்கிலீஷிலேயே வளர்ந்த ஒரு பெரிய மனிதருக்கு ஒரு இங்கிலீஷ் படம் விளங்க வேண்டுமானால், அதற்கும் கொழுந்தெடுக்கிற ஒருத்தி பெஞ்சை விட்டு எழுந்து தமிழில்தான் சத்தம் போட வேண்டியிருக்கிறது.